பெயர் வெட்டாத பவுடர் டப்பா

பழைய இரும்புக் கடைக்காரர் என் மூட்டையை வேண்டாமென்று திருப்பிக் கொடுத்த அன்று எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

திருச்செங்கோட்டில் ஈரோடு பஸ் போகிற சாலையில் மாடியில் நான் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். கீழே என்னைக் கட்டிய வீட்டுக்காரரின் லேத் பட்டறை. ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுகிற லாரிகளுக்கு வேண்டிய புஷ் மாதிரிச் சின்னச் சின்ன உதிரிகளை அவர் கடைந்து கொடுக்கிறார். ஆயுத பூஜைக்கு அவர் பட்டறையைக் கழுவுவார், நான் கடையை ஒழிப்பேன். அவருடைய இரும்புத் துண்டெல்லாம் எடைக்குப் போகும். என்னுடைய காலி டப்பாக்கள், அதாவது காம்பாக்ட், லிப்ஸ்டிக் குழாய், மஸ்காரா குச்சி, கண்ணுக்குப் போடுகிற கலர் தட்டு எல்லாம் ஒரு சாக்கில் கட்டிக் குப்பை வண்டிக்குப் போகும். அந்த வருஷம் மட்டும், அவர் சாமான் எடைக்குப் போகும்போது என் சாமான் ஏன் போகக்கூடாது என்று ஒரு வீம்பு வந்துவிட்டது. சாக்கை ஸ்கூட்டியின் முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

கடைக்காரர் சாக்கை அவிழ்த்து, ஒரு காம்பாக்டை எடுத்துத் திறந்தார், மூடினார், திருப்பிப் பார்த்தார்.

"இதைய வெச்சு நான் என்ன பண்றதுங்க. பிளாஸ்டிக்குன்னு போடலாம்னா கண்ணாடி ஒட்டியிருக்குது. கண்ணாடின்னு போடலாம்னா காந்தம் ஒட்டியிருக்குது. பிரிக்கற கூலிய எவங் குடுக்கறது?"

"அப்ப இதைய எங்கதானுங்க போடறது?"

"தெரியலீங்க. எங்கிட்ட வேண்டாமுங்க."

உலகத்தில் உடைந்த சைக்கிள் பெடலைக்கூட வாங்குகிற மனிதர் அவர். அவர் கை விட்டுவிட்டார் என்றால் அந்தப் பொருளுக்குப் போக்கிடம் இல்லை என்று அர்த்தம். எனக்குச் சுருக்கென்றது. சாக்கோடு திரும்பி வந்து, பட்டறைத் தரையில் எல்லாவற்றையும் கொட்டி, ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஒவ்வொன்றாக நெம்ப ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் லேத்தை நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்தால் பேச்சு வாங்க வேண்டியிருக்கும் என்று தெரிந்து, டீ குடிக்கப் போய்விட்டார்.

நெம்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒரு காம்பாக்டுக்குள்ளே பவுடர் இருப்பது அப்பளம் கனத்துக்கு ஒரு தகரத் தட்டில். அந்தத் தட்டைப் பசை வைத்து ஒட்டி, அதற்கு மேல் அடுக்கு, கீழ் அடுக்கு, கண்ணாடி, கொக்கி, தங்கக் கலர் பூச்சு என்று ஒரு மாளிகையே கட்டி வைத்திருக்கிறார்கள். தீர்ந்து போவது அப்பளம், தூக்கிப் போடுவது மாளிகை. இத்தனை வருஷமாக இதை நான் காசு கொடுத்து வாங்கி, காசு வாங்கி விற்று, கடைசியில் குப்பையில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கே என் மேல் சிரிப்பு வந்தது.

டீ குடித்துவிட்டு வந்தவரிடம் தகரத் தட்டைக் காட்டினேன். "இதை மட்டும் மாத்திக்கற மாதிரி ஒரு டப்பா வேணும். தீந்தா தட்ட மட்டும் புதுசா வெச்சுக்கலாம். டப்பா ஆயுசுக்கும் இருக்கோணும்."

"போர் வண்டிக்கு புஷ் கடையறவங்கிட்ட வந்து பவுடர் டப்பா கடையச் சொல்ற."

"புஷ்ஷும் வட்டந்தான், டப்பாவும் வட்டந்தான். கடைஞ்சு குடுங்க."

அவர் கடைந்த முதல் டப்பாவை இன்னும் வைத்திருக்கிறேன். அதைப் பவுடர் டப்பா என்று சொல்வதற்கு மனசு வராது. தவறிக் காலில் விழுந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். திருகு மறையை எப்படிப் போட்டாரோ, மூடியைத் திறக்கப் பட்டறையிலிருந்து ஸ்பேனரைக் கொண்டு வரச் சொன்னார். "போர்க் குழிக்குள்ள இறக்குனாக்கூட ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகாது" என்று அவருக்குப் பெருமை வேறு. "எம் மூஞ்சிக்குப் பவுடர் போடோணுமுங்க, போர் போட வேண்டாம்" என்றேன். அடுத்தது கொஞ்சம் இளைத்தது. அதற்கடுத்தது இன்னும் இளைத்தது. கடைசியில் கைக்கு அடக்கமாக, சின்ன சம்படம் மாதிரி, பளபளவென்று ஒரு எவர்சில்வர் டப்பா வந்தது. மூடியின் உள்பக்கம் கழற்றி மாட்டுகிற கண்ணாடி. அடியில் ஒரு காந்தம், அதன் மேல் தகரத் தட்டு. நகத்தால் தட்டினால் கழன்று வரும். இதையே லிப்ஸ்டிக்குக்கும் ஒரு சைஸில் செய்தார். நகரத்துக் கடைகளில் இந்த மாதிரி விற்கிறார்கள் என்று போனில் பார்த்தேன். விலையைப் பார்த்துவிட்டு, என் வீட்டுக்காரரை மரியாதையாக நடத்த வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

சேலத்திலிருந்து பெரிய பையில் வருகிற பவுடர்களைக் கலந்து, ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தட்டில் வைத்து அழுத்தி நானே தயார் பண்ணினேன். இதில் எனக்கே எதிர்பாராத ஒரு சந்தோஷம் கிடைத்தது. கம்பெனி டப்பா என்றால் அவன் என்ன கலர் அனுப்புகிறானோ அதுதான். அவன் அனுப்புவது எல்லாம் வெள்ளை, வெள்ளைக்குப் பக்கத்து வெள்ளை, அதற்கும் பக்கத்து வெள்ளை. நானே கலக்கும்போது யார் வந்து உட்காருகிறார்களோ அவர்கள் தாடைக்குப் பக்கத்தில் தடவிப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாமல் மறைகிற வரைக்கும் கலக்கலாம். பூசினது தெரியக்கூடாது, அதுதான் கணக்கு.

ஆனால் நம் பெண்களிடம் விற்பது லேசா? ஒரு அம்மா, தட்டு தீர்ந்ததும் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார். நான் தட்டைக் கழற்றி, டப்பாவைச் சுடுதண்ணீரில் கழுவி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, புதுத் தட்டு வைத்துக் கொடுத்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"பழைய டப்பாவுலயே போட்டுக் குடுக்கறீங்களே."

"உங்க டப்பாதானுங்க. நீங்க போட்டதுதானுங்க."

"இருந்தாலும் ஒரு அட்டைப் பெட்டியில போட்டு, மேல ஒரு பிளாஸ்டிக் கவரு சுத்திக் குடுத்தீங்கன்னா புதுசு மாதிரி இருக்குமுங்க."

எனக்கு ஏறிவிட்டது. "செக்குல எண்ணெய் வாங்கறதுக்குக் கேன் கொண்டு போறீங்க. பாலுக்குத் தூக்குப்போசி கொண்டு போறீங்க. எண்ணெயும் பாலும் வயித்துக்குள்ள போகுது, அதுக்கு பழைய போசி ஆகும். மூஞ்சிக்கு மேல பூசறதுக்கு மட்டும் கவரு சுத்தோணுமா?"

அந்த அம்மா போன பிறகு, கீழேயிருந்து படியேறி வந்த வீட்டுக்காரர் கேட்டார், "நீ யாவாரம் பண்றியா, சண்டை போடறியா?" இரண்டும்தான் என்று சொன்னேன். அந்த அம்மா அடுத்த மாதம் தன் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்தார் என்பது வேறு விஷயம்.

கடையில் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தேன். டப்பா எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால், ஒருவர் டப்பா இன்னொருவருக்கு மாறிப் போய்விடக்கூடாது. அதனால் மூடியில் பெயர் வெட்டாமல் ஒரு டப்பாவும் வெளியே போகக்கூடாது. இது நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டிய விஷயம் இல்லை. ஒரு டம்ளர் வாங்கினால்கூடப் பாத்திரக் கடையிலேயே இனிஷியலோடு பெயர் வெட்டி வாங்கிக்கொண்டு போகிறவர்கள்தானே நாம். எதிர்ப் பாத்திரக் கடையில் அதற்கு மிஷின் இருந்தது. டர்ரென்று சத்தம் போட்டு வெட்டிக் கொடுப்பார்கள். ஒரு அக்கா தன் பெயரோடு, கூடவே வீட்டு போர் லாரியின் நம்பரையும் வெட்டிக்கொண்டு வந்தார். காணாமல் போனால் யாராவது லாரி நம்பரைப் பார்த்து, கொண்டு வந்து கொடுப்பார்கள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

அந்தச் சட்டத்தை ஒரே ஒரு பெண்ணுக்காக மீறினேன். மல்லசமுத்திரம் பக்கத்துப் பெண். திருச்செங்கோட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். என் டப்பாவை முதன்முதலில் வாங்கியவர்களில் அவளும் ஒருத்தி. நல்ல கறுப்பு. நாட்டுச் சர்க்கரையை வெயிலில் வைத்துப் பார்த்தால் ஒரு பழுப்பு மின்னும் பாருங்கள், அந்தக் கலர். அவள் கலருக்குக் கலக்கிய அன்று எனக்கே கை நிறைந்த மாதிரி இருந்தது. கல்யாணம் நிச்சயமானதும், கல்யாணத்துக்கென்று ஒரு புது டப்பா கேட்டாள். கொஞ்சம் சந்தன வாசனை சேர்க்கச் சொன்னாள். பெயர் வெட்ட எதிர்க் கடைக்கு அனுப்பலாம் என்று எடுத்தபோது தடுத்துவிட்டாள்.

"வேண்டாங்க்கா. இப்ப அப்பா இனிஷியலப் போட்டு வெட்டுனா, கல்யாணம் முடிஞ்சதும் அவரு இனிஷியல் வந்துரும். அப்பறம் அடிச்சிட்டு வெட்டோணும். முடியட்டும், ஒரேயடியா வெட்டிக்கறேன்."

சரியான பேச்சாகத்தான் பட்டது. பெயர் இல்லாமல் பளபளவென்று டப்பா போயிற்று.

அவளுக்கு மேக்கப்புக்கு நான்தான் என்று பேசியாயிற்று. ஒத்திகை பார்க்க வந்தபோது கூடவே அவள் அத்தையும் வந்தார். அப்பாவின் அக்கா. நாமகிரிப்பேட்டையில் கட்டிக்கொடுத்தது, அங்கே மஞ்சள் மண்டி வைத்திருக்கிறார்கள். கல்யாணத்தில் அத்தை வைத்ததுதான் சட்டம் என்பது வந்து உட்கார்ந்த தோரணையிலேயே தெரிந்தது. தான் ஒரு துளி பவுடர் போட்டுக்கொள்ளவில்லை, மூக்குத்தி மட்டும் பளிச்சென்று இருந்தது. பையிலிருந்து ஒரு காம்பாக்டை எடுத்து என் முன்னால் வைத்தார். வெளிநாட்டிலிருக்கும் மகன் வாங்கி வந்ததாம். பிளாஸ்டிக் மாளிகை. திறந்தால் வெண்ணெய் மாதிரி வெள்ளை.

"இதையப் போடுங்க. நெம்ப ஒசத்தி."

"இது பாப்பா கலருக்கு ஒட்டாதுங்கம்மா. சாம்பல் பூத்த மாதிரி நிக்குமுங்க."

"நிக்கட்டும். நாலு ஒறம்பரை சனம் வந்து நிக்கற எடத்துல, புள்ளை கலரு கம்மின்னு ஒருத்தரு வாயத் தெறக்கக் கூடாது. ஏற்கெனவே ரண்டு எடம் அதையச் சொல்லித்தான் தட்டிப் போச்சு. உங்களுக்கு அதெல்லாந் தெரியாது."

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பெண் கண்ணைக் காட்டினாள், அடக்கிக்கொண்டேன். அத்தை பாத்ரூம் போன நேரத்தில் அவள் மெதுவாகச் சொன்னாள்.

"அவரு என்னையப் பாக்க வந்தன்னிக்கு நாங் காலேஜுல இருந்து அப்பத்தான் வந்தேன். மூஞ்சி கூடக் கழுவலீங்க்கா. அப்படியே பாத்துட்டுத்தான் சரின்னு சொன்னாரு. அவரு பாத்த மூஞ்சிக்குத்தான் அவரு தாலி கட்டோணும். வேற எவ மூஞ்சியோடயும் நான் மேடையில போய் உக்கார மாட்டேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அத்தை மனசும் நோகக் கூடாது" என்றாள். அம்மா தவறியதிலிருந்து அத்தை வீட்டில் இருந்துதான் அவள் பள்ளிக்கூடம் படித்தாளாம்.

அவ்வளவு லேசான காரியமாக எனக்குக் கொடுத்துவிட்டாள். அத்தை கிளம்பும்போது, "முகூர்த்தத்தன்னிக்கு நானே பக்கத்துல நின்னு பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்கினார்.

கல்யாணம் ஊரிலேயே ஒரு மண்டபத்தில். சித்திரை மாதம், விடிந்ததுமே வேர்த்துக் கொட்டியது. இந்த மாதிரி நாளில் நான் தலை அலங்காரம், கண் மை எல்லாம் முடித்துவிட்டு, பவுடரைக் கடைசியில், மேடைக்குக் கூப்பிடுகிற நேரத்துக்குத்தான் போடுவேன். அவளுக்கு வேறு பூச்சும் இல்லை. அவள் டப்பாவைக் கண்ணாடி முன்னால் எடுத்து வைத்தேன். முகூர்த்தப் பட்டு வாங்க அவள் மேடைக்குப் போனபோது, தலைப்பூ சரியாமல் பிடித்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். அறையைப் பூட்டவில்லை. கல்யாண மண்டபத்தில் மணப்பெண் அறையை யார் பூட்டுவார்கள்?

திரும்பி வந்து பட்டுச் சேலை கட்டி, மடிப்புக்கு ஊக்கு குத்தி, பவுடருக்குக் கையை நீட்டினால் டப்பாவைக் காணோம். கண்ணாடி முன்னால் இல்லை, கீழே இல்லை, என் பெட்டியில் இல்லை. கட்டிலில் கிடந்த துணியை எல்லாம் உதறினேன். அத்தை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"காணமா? சரி உடுங்க. எல்லாம் நல்லதுக்குத்தான்." இடுப்பில் செருகியிருந்த வெள்ளைக் காம்பாக்டை எடுத்து நீட்டினார். "இந்தாங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த அம்மாதான் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறது, வேறு யார்? கேட்டுவிடலாம் என்று திரும்பினேன். பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாய் திறக்காமலே, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அது கேட்காதே என்கிற வேண்டாமா, அந்த வெள்ளை வேண்டாமா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டும்தான் என்று வைத்துக்கொண்டேன்.

வெளியே சடங்கு நடத்துகிற அருமைக்காரர், பொண்ணை வரச் சொல்லுங்கள் என்று குரல் கொடுத்துவிட்டார். "சித்தெ இருங்க, வாரேன்" என்று நான் வெளியே ஓடினேன். சமையல் கட்டு, சீர்த் தட்டு வைத்திருந்த இடம் எல்லாம் பார்த்துவிட்டு மண்டப வாசலுக்கு வந்தேன்.

வாசலில் வரவேற்பு மேஜை. கற்கண்டு, ரோஜாப்பூ, பன்னீர்ச் செம்பு, குங்குமம். மேஜைக்குப் பின்னால் பெண்ணின் சித்தப்பா, பட்டு வேட்டியில், வேர்த்து விறுவிறுத்துப் போய் நின்றிருந்தார். அவர் கைக்குப் பக்கத்தில், பன்னீர் விட்டுக் குழைத்த பழுப்புக் குழம்போடு, பளபளவென்று என் வீட்டுக்காரர் கடைந்த டப்பா. பவுடர் இருந்த தகரத் தட்டு வரைக்கும் சுரண்டியாயிற்று.

"ஏனுங்க, இது ஏதுங்க?" என்றேன்.

"சந்தனமுங்க. சமையக்காரங்க சாமான்ல சந்தனப் பாக்கெட்டு வரவே இல்ல. பாப்பா ரூமுல போய்ப் பாத்தேன், கண்ணாடிகிட்ட இது இருந்துச்சு. மோந்து பாத்தேன், சந்தன வாசம். நெம்ப ஒசத்திச் சந்தனம் போல, அதான் கருக்கலா இருக்குதுன்னு எடுத்துட்டு வந்துட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா இதுல என்னமோ கோளாறு இருக்குதுங்க. வெச்சா நிக்க மாட்டேங்குது. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களுக்கு நல்லா நிக்குது. நம்ம சனத்துக்கு வெச்சாக் காணாமப் போகுது."

நான் நிமிர்ந்து பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டில் கொஞ்சம் வெளுத்தவர்கள் அதிகம். அவர்கள் நெற்றியில் எல்லாம் பழுப்பாக ஒரு தீற்று, பளிச்சென்று. பெண் வீட்டுப் பங்காளிகள் நெற்றியில் ஒன்றுமே இல்லை. ஒரு பெரியவர் அப்போதுதான் விரலை முக்கி, நெற்றியில் பட்டையாக இழுத்து, மேஜைக் கண்ணாடியில் பார்த்து, மறுபடி முக்கி இழுத்து, "என்னப்பா சந்தனம் வாங்குன, தண்ணியாட்டம்" என்று சித்தப்பாவைத் திட்டிக்கொண்டே போனார். சித்தப்பா தன் நெற்றியைக் காட்டினார். "எனக்கே பாருங்க, எத்தனை அப்பியிருக்கறேன்னு." கிட்டப் போய்ப் பார்த்தேன். ஈரம் மின்னியது. கலர் அங்கேதான் இருந்தது, அவர் தோலோடு தோலாக. மஞ்சள் சந்தனமாக இருந்திருந்தால் தெரிந்திருக்கும். இது அவர் அண்ணன் மகளுக்கென்று, பூசினது தெரியக்கூடாது என்று, மெனக்கெட்டுக் கலக்கியது. அந்தக் குடும்பமே அதே கலர்.

எனக்கு அடக்க முடியவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பன்னீர்ச் செம்பு ஆடியது. "ஏனுங்க சிரிக்கறீங்க?" என்று அவர் பாவம் போலக் கேட்டார். இன்னொரு நாள் சொல்வதாகச் சொல்லி, காலி டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பாதி வழியில்தான் சிரிப்பு நின்று, பயம் வந்தது. ஊருக்கெல்லாம் பூசியாயிற்று. பெண்ணுக்கு என்ன பூசுவது? கடைக்குப் போய்க் கலந்து அழுத்திக்கொண்டு வரவோ, அவள் வீட்டிலிருக்கும் பழைய டப்பாவை எடுத்து வரவோ நேரம் இல்லை. இருப்பது அந்த வெள்ளை மட்டும்தான். அந்த மூஞ்சியோடு மேடையில் உட்கார மாட்டேன் என்று ஒத்திகை அன்றே அவள் சொல்லியாயிற்று.

அறைக்குள் போனபோது அத்தை கண்ணாடி முன்னால், பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று, தன் நெற்றியைப் பெருவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க சித்தப்பன் வாங்கின சந்தனத்தப் பாரு சாமி. ஒறம்பரைய வாங்கன்னு கேட்டுட்டு நானும் வெக்கறேன், வெக்கறேன், ஒட்டவே மாட்டேங்குது. காத்தால இருந்து நெத்தி வெறுசா நிக்கறேன்."

பெண் என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள். அத்தையின் நெற்றியைப் பார்த்தாள். கண்ணாடியில் இரண்டு முகமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. காலேஜில் பாடம் நடத்துகிறவள் அல்லவா, எனக்கு அத்தனை நேரம் பிடித்தது அவளுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. மை கரைந்துவிடும் என்று நான் கத்தக் கத்த, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்ன சாமி சிரிப்பு?" என்றார் அத்தை.

நான்தான் சொன்னேன். சித்தப்பா மோந்து பார்த்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். "அது பாப்பா கலருக்குக் கலந்த பவுடருங்கம்மா. உங்க நெத்தியில ஒட்டாம இல்லீங்க. நல்லா ஒட்டித்தான் இருக்குது. உங்க கலருக்கு அது தெரியலீங்க."

நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அத்தை கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தார். பெண் சிரிப்பதை நிறுத்திவிட்டு, அத்தை கோபித்துக்கொண்டாரோ என்று அவர் முந்தானையைப் பிடித்தாள்.

"என்ற கல்யாணத்துல எனக்கும் வெள்ளையாத்தான் பூசுனாங்க" என்றார் அத்தை, என்னிடமா அவளிடமா என்று தெரியாமல். "எங்கம்மா தான் பூசச் சொன்னா. கழுத்து வரைக்கும் மாவாட்டம். அடுத்த நாள் காத்தால குளிச்சிட்டு, மூஞ்சியக் கழுவிட்டு, உங்க மாமனுக்குக் காப்பி கொண்டு போய்க் குடுத்தேன். டம்ளர வாங்கிக்கிட்டு, பொண்ணு எந்திரிச்சிருச்சான்னு எங்கிட்டயே கேட்டாரு."

யாரும் சிரிக்கவில்லை. அவரே சிரித்தார், முதலில் மூக்கால், பிறகு வாய் விட்டு. அவர் சிரித்த பிறகு எங்களுக்கும் வந்துவிட்டது. மூன்று பேரும் சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வந்தது எதற்கென்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் வந்தது. வெளியே மறுபடியும் கூப்பிட்டார்கள்.

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெள்ளைக் காம்பாக்டை மூடி மறுபடி இடுப்பில் செருகினார். தன் நெற்றியில் திரும்பத் திரும்ப அப்பி வைத்திருந்ததைப் பெருவிரலால் வழித்து, பெண்ணின் கன்னத்தில் வைத்தார். இந்தப் பக்கம் வைத்தார், அந்தப் பக்கம் வைத்தார். வைத்த இடம் தெரியவில்லை. ஒவ்வொரு தட்டையும் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறவள் நான், ஸ்பிரிட் பாட்டிலைப் பெட்டிக்குள் தள்ளினேன்.

"போலாம் சாமி" என்று அவள் கையைப் பிடித்தார். "காத்தால எந்திரிச்சு அந்தத் தம்பி உன்னையத் தேடக் கூடாது."